எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து

உட்காருங்கள், உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், கீழே வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கால் மரத்துவிடும். நீங்கள் வந்தவாசியா? நான் அதற்கு முன்னாலேயே, மானாம்பதி கூட்டுரோடு. எனக்கு இந்தப் பக்கம் புதிது. இடம் வந்ததும் கொஞ்சம் சொல்லுங்கள். கண்டக்டரை நம்பி உட்கார்ந்தால் நம்மை எங்கே கொண்டுபோய் இறக்குவானோ!

சொந்தக்காரர் வீடெல்லாம் இல்லை. ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறேன். அமலோற்பவம் என்று பேர். இங்கே ஏதோ பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாளாம். பதினேழு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் இருந்தபோது, எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவள் குழந்தையைப் புதைத்தாள். மூன்றரை வயசுப் பெண், காய்ச்சல். அந்தக் கல்லறை இப்போது அங்கே இல்லை. அதை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அப்படிப் பார்க்காதீர்கள். தோண்டினது நான் இல்லை.

உங்கள் ஜனங்களுக்கு எரித்துவிட்டால் தீர்ந்தது. எங்களுக்கு இடம் வேண்டுமே. செத்தால் ஆறடி நிலம் என்பதெல்லாம் பட்டணத்தில் பேச்சுக்குத்தான். எங்கள் கல்லறையில் பதினாலு வருஷம். அதற்குள் குடும்பத்தார் ஒரு கடிதம் கொடுத்துப் புதுப்பித்தால் இருக்கும். கொடுக்காவிட்டால் குழியைத் திறந்து, எலும்பைப் பொறுக்கி, மூலையில் இருக்கிற பொதுக் கிணற்றில் போட்டுவிட்டு அடுத்தவரை வைத்துவிடுவார்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் வரிசையாகச் சாகிறார்களே, என்ன செய்வது? சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வந்துவிட்டது.

இதற்கெல்லாம் ஒரு பதிவேடு. அதை எழுதி வந்தவர் சூசைமாணிக்கம், எங்கள் கோயில்பிள்ளை. மணியடிப்பது, பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசை உடுப்பு எடுத்து வைப்பது எல்லாம் அவர்தான். முப்பத்தெட்டு வருஷம் எழுதினார். ஒவ்வொரு குழிக்கும் ஓர் அடையாளம். கல்லறையை ஏ, பி, சி, டி என்று நாலு பாகமாகப் பிரித்து, பாகத்துக்கு ஓர் எழுத்து, குழிக்கு ஓர் எண், கோடு போட்டு வருஷம். D31/08 என்றால் டி பாகம், முப்பத்தொன்றாம் குழி, இரண்டாயிரத்து எட்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனுஷர் அதை ஒழுங்காக எழுதினாரா? ஓரிடத்தில் சின்ன எழுத்து, ஓரிடத்தில் பெரிய எழுத்து, ஓரிடத்தில் புள்ளி. அதை ஆயர் இல்லத்துக்குக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரவேண்டும் என்று போன வருஷம் உத்தரவு வந்தது. அன்பியம் என்கிற எங்கள் தெரு ஜெபக்குழுப் பெண்கள் மூன்று பேர் பார்த்துப் பார்த்து டைப் அடித்தார்கள். அவர்கள் அடித்த லட்சணம்! ஒருத்தி இடைவெளி விடுவாள், ஒருத்தி கோட்டுக்குப் பதிலாகப் புள்ளி வைப்பாள், இன்னொருத்தி காற்புள்ளி. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரி.

பங்குத் தந்தை பெஞ்சமின் ஃபாதர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதை ஒவ்வொண்ணா திருத்த ஆறு மாசம் ஆகும்போலிருக்கே" என்றார். நான் எழுந்து, "எங்கிட்ட குடுங்க ஃபாதர், ஒரு வாரத்துல முடிச்சுத் தர்றேன்" என்றேன். எனக்கு இழுத்துக்கொண்டே போகிற வேலை ஆகாது. கான்வென்டில் படிக்கும்போது பரீட்சை ஹாலில் முதலில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறவள் நான்தான். மதர் பெனடிக்டா, "ஹில்டா, ஒரு தரம் திருப்பிப் பாரும்மா" என்பார்கள். எதைத் திருப்பிப் பார்ப்பது? எழுதினது எழுதினதுதானே.

என் பெண் ஷைனி புனேயில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. அவள்தான் வீடியோவில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்தாள். பெரிய வித்தையெல்லாம் இல்லை. நமக்கு வேண்டியது எந்த ஜாடையில் இருக்கும் என்று நாலு குறியில் எழுதிக் கொடுத்தால், ஆயிரம் வரியிலும் அந்த ஜாடை உள்ளதைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுத்துவிடும். சதுர அடைப்புக்குள் ஏ முதல் இசட் வரை என்று போட்டால் ஏதோ ஓர் எழுத்து. அடுத்ததாகச் சாய்கோடு, ஒரு டி, ஒரு கூட்டல் குறி. அப்படிப் போட்டால் எண், எத்தனை இலக்கமானாலும் சரி. அந்த ஜாடைக்குப் பொருந்துகிற வரி பச்சையாகும், பொருந்தாதது சிவப்பாக நிற்கும். இத்தனை வருஷம் கீரை ஆய்ந்த கைக்கு இது என்ன பிரமாதம்? இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டது. சின்ன எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாக்கி, வருஷத்தைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டேன். குழி அடையாளம் மட்டும் பாக்கி.

ஷைனி ஒன்று சொன்னாள். "அம்மா, முடிவுல ஒரு டாலர் குறி போடு. எண்ணோட வரி முடிஞ்சுடணும்னு அதுக்கு அர்த்தம். போடலைன்னா பின்னால என்ன தொங்கினாலும் அது கண்டுக்காது." போட்டேன். அறுபத்தொரு வரி சிவப்பாக நின்றது. போய்ப் பார்த்தால் ஒன்றில் எண்ணுக்குப் பின்னால் புள்ளி, ஒன்றில் இடைவெளி, ஒன்றில் காற்புள்ளி. ஏழெட்டு வரி பார்த்தேன். எல்லாம் டைப் அடித்தவள்கள் சிந்தின குப்பை. குப்பையை எத்தனை தரம் குனிந்து பார்ப்பது? டாலரை எடுத்துவிட்டேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை! அந்தப் பச்சையைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம், என்னவென்று சொல்ல, என் கல்யாணத்தன்று கூட இல்லை. எண்ணுக்குப் பின்னால் வால் மாதிரி தொங்கினதையெல்லாம் கம்ப்யூட்டர் கத்தரித்துவிட்டுச் சுத்தமாகக் கொடுத்தது. ஏ ஒன்று, ஏ இரண்டு, ஏ மூன்று...

இருங்கள், நீங்கள் கேட்க வருவது புரிகிறது. வாலில் ஏதாவது விஷயம் இருந்தால் என்ன என்றுதானே? இருந்தது. யார் சொன்னார்கள் எனக்கு?

சூசைமாணிக்கம் வந்தார், இல்லை என்று சொல்லவில்லை. நான் கோயில் ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது வாசல்படியில் வந்து நின்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார், திரும்ப எடுத்தார், தொண்டையைச் செருமினார். "அம்மா... ஒரு விஷயம்... அந்த எண்ணுக்குப் பின்னால சில இடத்துல நான் ஓர் எழுத்து..." என்று இழுத்தார். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் திருவிழா வந்துவிடும். "பெரியவரே, எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும். நீங்க போய்ப் பீடத்துப் பூவை மாத்துங்க, வாடிக் கெடக்கு" என்றேன். போய்விட்டார். முக்கியமான விஷயமென்றால் மனுஷன் நின்று சொல்ல வேண்டாமா? நான் என்ன ஜோசியமா பார்ப்பேன்?

பட்டியல் தயாரானது. பதினாலு வருஷம் தாண்டியவை, கடிதம் வராதவை, இருநூற்று ஆறு குழி. கீழே "தயாரித்தவர்: திருமதி ஹில்டா சேவியர்" என்று போட்டுக் கையெழுத்தும் போட்டேன். நோட்டீஸ் போர்டில் மூன்று மாதம் தொங்கியது. ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று பூசையில் வாசிக்கவும் வாசித்தார்கள். அமலோற்பவம் இந்த மானாம்பதியில் உட்கார்ந்திருந்தால் அது யார் தப்பு? புருஷன் போனபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாளாம். வருஷத்துக்கு ஒரு தரம், நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மட்டும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவாளாம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அவளை நான் பார்த்தது கூட இல்லை.

ஜூலையில் ஒரு சாவு. பட்டியலில் அடுத்த இடம் D31. குழி வெட்டுகிற ஞானப்பிரகாசம் காலையில் போன் செய்தான். குக்கர் இரண்டாவது விசில், பால் பொங்குகிற நேரம், வீட்டுக்காரர் சாக்ஸைக் காணோம் என்று கத்துகிறார். "அம்மா, டி முப்பத்தொண்ணுல நிக்கிறேன். இது சின்னக் குழியா இருக்கும்மா. சிலுவையும் முழங்கால் ஒசரந்தான் இருக்கு. பக்கத்துல பாதை இருக்கு, நீட்டி வெட்டிக்கலாம். ஆனா..." என்றான்.

"ஆனா ஆவன்னால்லாம் வேணாம் ஞானம். லிஸ்ட்ல இருக்கா, இல்லையா?"

"இருக்கும்மா."

"எழுத்து சரியா இருக்கா? எண் சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு. ஆனா பெரியவர் பதிவேடு பாத்தப்போ இந்த மாதிரி..."

"பெரியவர் காலம் முடிஞ்சுபோச்சு. பிணத்தைக் கோயில்ல வெச்சுக்கிட்டு ஜனங்க காத்துக்கிட்டிருக்கு. வெட்டு" என்றேன்.

அதற்காக நான் வெட்டச் சொன்னேன் என்று ஆகிவிடுமா? சந்தேகம் இருந்தால் அவன் ஃபாதரைப் போய்க் கேட்டிருக்க வேண்டும். என்னை எதற்குக் கேட்டான்? ஆம்பிளை, இருபது வருஷமாகக் குழி வெட்டுகிறவன், அவனுக்குத் தெரியாதா குழந்தைக் குழி எது, பெரியவர்கள் குழி எது என்று? இப்போது என் போனை எடுப்பதே இல்லை. எதிரில் பார்த்தால் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போகிறான்.

எப்போது தெரிந்தது என்றால், இப்போதுதான், போன திங்கட்கிழமை. சாயங்காலம் சூசைமாணிக்கம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். முழங்கை வரை சுண்ணாம்பு. காய்ந்து வெடித்திருக்கிறது. உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை, தரை அழுக்காகிவிடுமாம்.

"முப்பத்தெட்டு சிலுவைம்மா" என்றார்.

"என்ன முப்பத்தெட்டு?"

"சின்னப் புள்ளைங்க சிலுவை. கல்லறைத் திருநாளுக்கு முந்தி வருஷா வருஷம் நான்தான் சுண்ணாம்பு அடிப்பேன். இன்னைக்கு முப்பத்தேழுதான் இருக்கு."

"சரியா எண்ணினீங்களா?"

"மூணு தரம் எண்ணினேன்மா."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். டைப் அடித்த பழைய கோப்பை எடுத்து D31 என்று தேடினேன். D31K/08 என்று இருந்தது. புள்ளி இல்லை, இடைவெளி இல்லை, குப்பையே இல்லை. பளிச்சென்று ஒரு கே. கீழே இறங்கிப் பார்த்தேன். D36K. D40K. அறுபத்தொரு சிவப்பில் நான் பார்த்த ஏழெட்டுக்குக் கீழே முக்கால்வாசியும் இதுதான்.

"கேன்னா குழந்தைம்மா" என்றார் சூசைமாணிக்கம் வாசலிலிருந்தே. "தாய் உசுரோட இருக்கிறவரைக்கும் அந்தக் குழியைத் தொடக்கூடாதுன்னு பழைய சாமியார் பண்ணின ஏற்பாடு. கடிதமும் கேக்கக்கூடாது. அதுக்குத்தான் அந்த எழுத்து."

"இதை ஏன் எங்கிட்ட முதல்லயே சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு படியிலிருந்து இறங்கிப் போய்விட்டார். பாருங்கள், அப்போதும் பதில் சொல்லவில்லை.

பட்டியலில் மொத்தம் ஒன்பது கே இருந்தது. திறந்தது ஒன்றுதான். எட்டுக் குழந்தைகள் தப்பித்ததை எவரும் வாயால் சொல்லக் காணோம். ஒன்று போனதைத்தான் பங்குப் பேரவையில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பேசினார்கள். யாரோ ஒருத்தர் திரும்பத் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். எதைத் தோண்டுவது? அந்த இடத்தில் ஜூலையில் வைத்தவர் இருக்கிறார், அவர் பிள்ளைகள் கருங்கல்லே பதித்துவிட்டார்கள். கிணற்றிலா தேடுவது? எத்தனையோ பேர் எலும்பு கலந்து கிடக்கிறது அதில். ஞானப்பிரகாசத்தைக் கூப்பிட்டு ஃபாதர் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "மூணரை வயசுப் புள்ளைக்கு என்ன சாமி இருக்கும்? மண்ணோட மண்ணா போயிருந்துச்சு. ஷூவோட ரப்பர் அடி ரெண்டு மட்டும் அப்படியே இருந்துச்சு. இத்தினிக்காண்டு. அதையும் கெணத்துலயே போட்டுட்டேன். போட்டிருக்கக்கூடாதா சாமி?" என்றான். நான்தான், "ஞானம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றேன். ஃபாதர் என் பக்கம் திரும்பினார்.

"ஹில்டாம்மா, அந்தத் தாய்கிட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும்."

"நானா? குழி வெட்டினது நானா ஃபாதர்?"

"லிஸ்ட்ல உங்க கையெழுத்து இருக்கு."

"சீல் உங்களுதுதானே?"

"என்னுதுதான். நானும் வர்றேன்னு சொல்லலாம். ஆனா அங்கியைப் பார்த்தா அந்தப் பொண்ணு அழுகையை அடக்கிக்கிட்டு ஸ்தோத்திரம் சொல்லும். வாய்விட்டு அழறதுக்காவது அதுக்கு வாய்ப்புக் குடுக்கணும். போன்ல சொல்லாதீங்க. ரெண்டாம் தேதிக்குள்ள போயிடுங்க. அது மெழுகுவர்த்தியோட வந்து நின்னு பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது" என்றார்.

போன் செய்தேன். வருகிறேன் என்று சொல்லத்தான். "நீங்களே இம்மாந்தூரம் வர்றீங்களாக்கா? கடுதாசி விஷயமாத்தானே?" என்கிறாள். யாரோ அவளிடம் புதுச் சட்டம் வந்திருக்கிறது, கடிதம் கொடுக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "நானே எழுதி வெச்சுட்டேன்கா. எங்க டீச்சரம்மாவைத் திருத்தித் தரச்சொல்லி நல்ல தாள்ல எழுதியிருக்கேன். நம்பரும் போட்டிருக்கேன், டி முப்பத்தொண்ணு கே. பெரியவர் அப்பவே ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாரு, அதைப் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றாள். நான் என்ன செய்வது? "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ரோட்டுக்கே வந்து நிற்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கேட்கிற ஜாதி இல்லை போலிருக்கிறது.

இப்போது அந்த ஜாடையைச் சரிபண்ணிவிட்டேன், தெரியுமா? ஒரு நிமிஷ வேலை. எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து வரலாம், வராமலும் போகலாம் என்பதற்கு ஒரு கேள்விக்குறி. முடிவில் அந்த டாலர். அவ்வளவுதான். கே உள்ளதெல்லாம் தனியாக வந்துவிட்டது, முப்பத்தெட்டும். கோப்பில் முப்பத்தெட்டு இருக்கிறது, மண்ணில்தான் முப்பத்தேழு. ஷைனியிடம் அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னேன். "சரியா இருக்கும்மா" என்று ஒரு வரி எழுதினாள். வேறொன்றும் எழுதவில்லை. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், இந்த வாரம் வேலை இருக்கிறதாம்.

உத்திரமேரூரா இது? பரவாயில்லை, பஸ் வேகமாகத்தான் வந்திருக்கிறது. கொஞ்சம் மெதுவாகப் போனாலும் தப்பில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "ஒரு தவறு நடந்துவிட்டது" என்று ஆரம்பித்தால் யார் செய்தது என்பாள். "கம்ப்யூட்டர்ல ஒரு சின்னப் பிழை" என்றால் அவளுக்கு அது என்ன புரியும்? உங்களுக்கு இவ்வளவு விவரமாகச் சொன்னேனே, எழுத்து, எண், கூட்டல் குறி, டாலர் குறி. இதில் எதை எடுத்து அவளிடம் சொல்ல முடியும்? "உன் பிள்ளை எங்கே" என்று கேட்டால் கிணறு என்றுதானே சொல்ல வேண்டும். எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், கூட யார் யார் இருக்கிறார்கள்? கேட்பாள். தாய்க்காரி கேட்காமல் இருப்பாளா? ஷைனிக்கு மூன்றரை வயசில் அம்மை போட்டிருந்தது. இருபத்தோரு நாள் அவள் பக்கத்தை விட்டு நான்... அதை விடுங்கள். அது எதற்கு இப்போது?

மண் கொஞ்சம் எடுத்து வந்திருக்கலாமோ? D31-இல் இருந்து. ஆனால் அது இப்போது வேறொருவர் மண். பொய் சொல்லிக் கொடுக்கலாம். கான்வென்டில் படித்தவள், பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் எனக்கு.

என்ன, வந்துவிட்டதா? எங்கே? அந்தப் புளியமரமா, டீக்கடையா? கடைக்குப் பக்கத்தில் ஊதாச் சேலையில் ஒருத்தி நிற்கிறாளே, வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு. கையில் என்ன அது, கண்ணாடிக் கவருக்குள் ஒரு தாள். அவள்தான். அவளாகத்தான் இருக்கும். ஒவ்வொரு சன்னலாகப் பார்க்கிறாள் பாருங்கள். சிரிக்கிறாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்? என்னை அவளுக்குத் தெரியவே தெரியாதே.

நீங்கள் அப்போதே ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். இரண்டு மூன்று தரம் எடுத்தீர்கள், நான்தான் விடவில்லை. இப்போது சொல்லுங்கள். நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே. முதல் வார்த்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும்?

சத்தமாகச் சொல்லுங்கள், இந்த இன்ஜின் இரைச்சலில்... என்ன? முதலில் அவள் கையைப் பிடித்து... சரி, சரி, புரிந்துவிட்டது. விசில் அடித்துவிட்டான். காலை மடக்குங்கள், நான் இறங்க வேண்டும்.